இருபத்திரண்டு அழகான கையெழுத்துகள்

மாலை ஆறு மணிக்கு, நிற்பன என்று ஊரார் பெயரிட்டவை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்ற பிறகுதான் கையெழுத்து வகுப்பு தொடங்கும். அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை வருவதற்கு முன்பு எழுத உட்கார்ந்தால் எல்லோருடைய கண்ணும் ஜன்னலிலேயே இருந்தது. வந்துவிட்டால், சரி, வந்தாயிற்று என்று ஒரு நிம்மதி. ஆகவே ரெஜினா மிஸ் பேனா மூடியைத் திறக்காமல் காத்திருப்பார்.

வெளியே, சனிக்கோளின் நிலவான டைட்டனின் ஆரஞ்சு மூட்டம். அதில் முதலில் ஓரிடம் கொஞ்சம் கறுக்கும். பிறகு முழங்கால் மூட்டுகள் தெரியும், பிறகு துளைக்கும் கை. கண்ணாடியிலிருந்து இருபது அடி தள்ளி வரிசையாக நின்றுகொள்ளும். சில நாள் ஒன்பது, சில நாள் பதினான்கு. விளக்கு கிடையாது, சத்தம் கிடையாது. வகுப்பு முடியும்வரை அவற்றின் கைநுனிகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருக்கும். காற்று என்று சொல்லிக்கொள்வார்கள். டைட்டனின் தரையில் அவ்வளவு காற்று அடிப்பதில்லை என்பது சொல்பவர்களுக்கும் தெரியும்.

ஜன்னலை ஒட்டிய மேசையை யாரும் விரும்பாததால் அது மரகதத்துக்கு வந்து சேர்ந்தது. மரகதத்துக்கு வயது இருபத்து நான்கு. மஞ்சள்துறைக் குடியேற்றத்தின் காற்றளவுப் பிரிவில் வேலை. எந்த அளவையும் மூன்று முறை பார்த்த பிறகே எழுதுவாள். எழுதிய பிறகு நான்காவது முறை பார்ப்பாள். அப்படியும் வீட்டுக்குப் போகும் வழியில் பாதியில் நின்று, தசமப் புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தோமா என்று யோசிப்பாள்.

"நீ ஒரு வரி எழுதுறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்மா" என்பான் அடுத்த மேசைப் பிச்சைமணி. குழாய் மெக்கானிக். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"பேரனுக்கு முன்னாடி பொண்ணு பாருங்க" என்பாள் மரகதம், காகிதத்திலிருந்து தலை நிமிராமல்.

கையெழுத்துப் படிப்பு பொழுதுபோக்கு அல்ல. பூமியில் பொய்வெள்ளம் என்று அழைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. யாருடைய முகத்தையும் குரலையும் இயந்திரங்கள் நொடியில் செய்துகாட்டின. இறந்தவர்கள் பேட்டி கொடுத்தார்கள். வராத புயலுக்கு ஊர்கள் காலியாயின. அதில் அடிபட்டவர்கள்தான் மஞ்சள்துறைக்குக் குடியேறினார்கள். கால் பதித்ததும் முதல் வேலையாகச் சான்றுச் சட்டத்தை இயற்றினார்கள். திரையில் வருவது எதுவும் சான்று ஆகாது. காகிதம் மட்டுமே சான்று. அதிலும் இரண்டே வகை: இயந்திரங்கள் பேசத் தொடங்கும் முன் அச்சான பழங்காகிதம், அல்லது ஒரு மனிதர் மற்றவர்கள் முன்னிலையில் தன் கையால் எழுதியது. கல்யாணத்துக்கும் புகாருக்கும் சாட்சிக்கும் அதுவே வழி. எனவே வேலை முடிந்த பெரியவர்கள் மாலையில் வந்து அகரம் எழுதிப் பழகினார்கள்.

நிற்பன பற்றியும் சொல்ல வேண்டும். அவை மனிதர்களுக்கு முன்பே இறக்கப்பட்ட துளைப்பு இயந்திரங்கள். அனுப்பிய நிறுவனம் பூமியில் இல்லாமல் போய்விட்டது. கட்டளையிட ஆளின்றி, ஒன்றின் பழுதை இன்னொன்று பார்த்துக்கொண்டு, மூட்டத்துக்குள் திரிந்தன. மனிதர் இருக்கும் ஜன்னல் எதைக் கண்டாலும் வந்து நின்றன. அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அவ்வளவுதான்.

மஞ்சள்துறையைச் சுற்றி, மீத்தேன் ஏரிக்கரையில், காற்று அடைத்த ஏழு எல்லைக் கூண்டுகள் இருந்தன. ஐந்தாம் கூண்டில் வேலையிலிருந்த ஆறு பேரும் ஒரு நாள் இறந்து கிடந்தார்கள். கிடந்தார்கள் என்பது சரியல்ல. சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், தட்டில் பாதிச் சோறு இருந்தது. வெளியே, கூண்டைச் சுற்றியிருந்த பனித்தரை முழுக்க ஆழமான நீண்ட கீறல்கள். நிற்பனவற்றின் நகக்கீறல் என்று யாரோ சொன்னார்கள். பதிவேட்டில் சாவுக்குக் காரணம் என்ற இடத்திலும் அதுவே ஏறியது. அந்த ஆறு பேரில் ஒருத்தி வடமலையின் மனைவி. அன்றிலிருந்து எல்லைக் குடும்பங்களின் தலைவன் வடமலைதான். நிற்பனவற்றைச் சுட ஆயுதம் வேண்டும் என்பது அவனுடைய ஒரே கோரிக்கை.

ஆயுதத்துக்கு மன்றத்தின் பதினோரு பேரில் ஒன்பது பேர் கை தூக்க வேண்டும். நான்கு பேர் ஒருபோதும் தூக்கவில்லை. அவர்கள் அமர்வோர்.

அமர்வோர் மொத்தம் நாற்பத்து மூன்று பேர். வாரம் ஒருமுறை வெப்ப உடையும் முகமூடியும் அணிந்து வெளியே போவார்கள். நிற்பனவற்றின் நடுவே ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்கள். இரண்டாம் கப்பலில் வந்த ஒரு பெண்மணி தொடங்கிவைத்த வழக்கம் அது. வருகைப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் அவர் குவேக்கர் என்று எழுதியிருந்தார். அவரோடு உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் பதிவேட்டுக்காரர்கள் அதையே போட்டுவிட்டார்கள். அது ஆயுதம் தொடாமல், மௌனமாக அமர்ந்து வழிபடும் ஒரு பழைய கிறித்தவப் பிரிவின் பெயர்; அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

மரகதத்தின் அண்ணன் சிற்றரசு அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவன். பெற்றோர் இல்லாத வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே ஆள்.

அந்த ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் வடமலை முதல் கப்பலின் சரக்கறையைக் கிளறினான். டைட்டனில் பெய்வது மீத்தேன், ஆனாலும் மழை மழைதான். ஏதோ ஒரு சேகரிப்பாளரின் பெட்டியில், கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தது. பதினாறு பக்கம். பென்சில்வேனியா, 1764. எழுதியவர் பெயர் இல்லை. எல்லைப்புறத்தைக் காக்க ஆயுதம் தர மறுக்கும் குவேக்கர்களைப் பற்றி, நாட்டின் நலம் விரும்பும் ஒருவர் எழுதியது என்று முகப்பில் இருந்தது.

காகிதத்தின் வயதை மூன்று சோதனையாளர்கள் தனித்தனியே உறுதி செய்தார்கள். மஞ்சள்துறையில் இருந்த காகிதங்களிலேயே அதுதான் மூத்தது. சட்டத்தின் கண்ணில் அதைவிட நம்பத் தகுந்த பொருள் அந்த உலகத்திலேயே இல்லை.

வடமலை அதை முதலில் கொண்டுபோனது மன்றத்துக்கு அல்ல, மாலை வகுப்புக்கு.

"பசங்களுக்குப் பயிற்சிக்கு ஆகும் மிஸ்" என்றான். "எத்தனை நாளைக்குத்தான் 'காற்று நலம், நீர் நலம்'னே எழுதுவாங்க?"

ரெஜினா மிஸ்ஸுக்குப் பழைய ஆங்கிலம் வாசிக்க வரும். இடுக்கியால் பிடித்துத் தூக்கி, வரிவரியாகத் தமிழில் சொன்னார். இருபத்து மூன்று பேர் எழுதினார்கள்.

"எல்லையில் கூரைகள் எரிகின்றன. நகரத்திலோ குவேக்கர்கள் தலையிலிருந்து தொப்பியைக்கூட எடுக்காமல் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள்."

பேனாக்கள் ஒரே சீராக உரசின. ஜன்னலுக்கு வெளியே அன்று பதினேழு நின்றன.

"நம்மைக் கொல்பவனுக்குப் போர்வை பரிசளிப்பவன், கொல்பவனின் கூட்டாளி அல்லாமல் வேறு யார்?"

"அப்படியே நம்ம ஊரு ஆளுங்கதான்" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். தொண்ணூறு கோடி மைல் தள்ளி, நானூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதியவன் தங்களைப் பார்த்தே எழுதியதுபோல் எல்லோருக்கும் தோன்றியது. சொல்லப்போனால் மரகதத்துக்கும்.

ஆனால் அவளுக்கு ஓரிடத்தில் கை நின்றது. அந்தக் காலத்தில் பெரிய தாளை அச்சடித்து, மடித்து, தைத்து விற்பார்கள்; ஓரத்து மடிப்புகளை வாங்கியவரே கத்தியால் வெட்டிப் படிக்க வேண்டும். இந்தப் பிரதியை யாரும் வெட்டவே இல்லை. அதாவது நானூறு ஆண்டுகளாக யாரும் முழுதாகப் படிக்கவே இல்லை. இரண்டு, மூன்று, ஆறு, ஏழு ஆகிய நான்கு பக்கங்கள் மேற்புறமும் பக்கவாட்டிலும் மூடி, உறை மாதிரி இருந்தன.

"மிஸ், அந்தப் பக்கங்கள்?"

"அதை வெட்டக் கூடாது. சான்றைச் சேதப்படுத்தினா அது சான்றே இல்ல."

"கதிர் வச்சு உள்ள பார்க்கலாமே?"

"பார்க்கலாம். ஆனா அது திரையில வரும். திரையில வர்றது சான்றில்லையே. நாம அடுத்த பக்கத்துக்குப் போவோம்."

இருபத்திரண்டு பேர் அடுத்த வரியைத் தொடர்ந்து எழுதினார்கள். மரகதம் கொஞ்ச நேரம் யோசித்தாள். தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று இரண்டு முறை பக்கத்து மேசையைப் பார்த்தாள். பிறகு மூடியிருக்கும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டுவிட்டு மேலே எழுதினாள். காகிதத்தை வீணாக்கியதற்காக மிஸ் பத்தில் ஆறுதான் போட்டார். பிச்சைமணிக்கு ஒன்பது.

வகுப்பு முடிந்ததும் வடமலை தாள்களைச் சேகரித்துக்கொண்டான். மனிதர் கையால், மற்றவர்கள் முன்னிலையில் எழுதிய காகிதங்கள். சட்டப்படி ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. சட்டத்தை எழுதியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. மறுநாள் காலை மன்றத்தின் மேசைமேல் ஒரு மூலமும் இருபத்திரண்டு சாட்சியங்களும் இருந்தன. வெற்றுப் பக்கங்கள் உள்ள தாள் குறையுள்ளது என்று மரகதத்திடமே திருப்பித் தரப்பட்டது.

அவற்றோடு ஒரு தீர்மானமும் வந்தது. எல்லையைக் காக்க மறுப்பவர்கள் எல்லையிலேயே வாழட்டும். நாற்பத்து மூன்று பேருக்கும் உள்வளி உரிமை, அதாவது குடியேற்றத்துக்குள் மூச்சுவிடும் உரிமை, ரத்து; மூடிக் கிடக்கும் ஐந்தாம் கூண்டுக்கு அனுப்பப்படுவார்கள். இதற்கு ஆறு கைகளே போதும்.

அன்று வீட்டில் சிற்றரசு சாம்பாரைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"போகச் சொன்னா போவோம். வாரா வாரம் போற இடந்தானே" என்றான்.

"அண்ணே, அங்க ஆறு பேரு செத்திருக்காங்க."

"தெரியும். ஆனா கீறினது நகம் இல்ல மரகதம்." அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். "அது எழுத்து. ஒவ்வொண்ணும் ரெண்டாள் உசரம். பக்கத்துல நின்னு பாத்தா வெறும் கோடு. மூட்டத்துல அடுத்த கோடு தெரியாது. நான் போன வாரம் ஒரு கோட்டுமேலயே நடந்து போனேன். வளைஞ்சுது. நானும் வளைஞ்சேன். ஒரு 'இ' வந்துச்சு."

மரகதம் விரலால் மேசைமேல் ஒரு 'இ' போட்டுப் பார்த்தாள்.

"மூணு வாரமா நடந்தே படிச்சேன். 'இறுக்கி பழுது. வெளிக்காற்று கசிகிறது. ஆறு நாள் ஆயிற்று. ஆள் அனுப்பவும்.' அந்தக் கூண்டு ஜன்னலுக்கு நேரா ஒரு கரும்பலகை இருக்கு. செத்தவங்க அதுல எழுதி வச்சிருந்தத இதுங்க வெளிய நின்னு பாத்து, அப்படியே தரையில எழுதியிருக்கு. பெருசா. ஊருக்கே தெரியற மாதிரி."

டைட்டனில் வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே இருப்பதைவிடக் குறைந்ததல்ல. கதவிடுக்கை அடைக்கும் இறுக்கியில் துளை விழுந்தால் சீறல் இருக்காது, சத்தம் இருக்காது. மெதுவாக உள்ளே வரும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குத் தூக்கம் வரும். மரகதத்துக்கு இது தொழில்.

மறுநாள் அவள் தன் பிரிவின் பழைய பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஐந்தாம் கூண்டிலிருந்து புகார் வந்திருந்தது, திரையில். எதிரே 'சான்று இல்லை, நிறுத்தி வைக்கப்பட்டது' என்று இருந்தது. அந்த வாரம் நிறுத்தி வைத்த புகார்கள் மொத்தம் பதினொன்று. அந்தக் கூட்டலைப் போட்டு, மூன்று முறை சரிபார்த்தது அவள்தான். பதினொன்று என்பது சரியாகவே இருந்தது. புகார்களை அவள் திறந்து பார்க்கவில்லை. அது அவளுடைய வேலையாக இருக்கவில்லை.

மன்றக் கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. தீர்மானத்தன்று வெளியே எத்தனை நின்றன என்பதில் குழப்பம் இருக்கிறது; அறுபது என்றும் எண்பது என்றும் சொல்கிறார்கள். மூட்டத்துக்குள் எத்தனை என்று தெரியாது. உள்ளே யாரும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

தலைவர் உமையாள் நல்ல பெண்மணி. யாரையும் குறுக்கே பேசவிடாமல், எல்லோரையும் பேசவிடுவார். மரகதத்தையும் பேசவிட்டார்.

மரகதம் இரண்டு தாள்களைக் கொடுத்தாள். ஒன்று, அண்ணன் நடந்து படித்ததையும் தான் பட்டியலில் கண்டதையும் எழுதியது. மற்றொன்று, திருப்பி அனுப்பப்பட்ட அவளுடைய பிரதி.

"பனியில் எழுதியது யார்?" என்று கேட்டார் உமையாள்.

"நிற்பன, அம்மா."

"இயந்திரம் எழுதியது சாட்சியாகாது. பட்டியல் திரையில் உள்ளது, அதுவும் ஆகாது. சரி, இது ஏன் நாலு பக்கம் காலியா இருக்கு?"

"படிக்காதத எழுத முடியலம்மா."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மரகதத்துக்குக் காது சூடானது. தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறோமோ என்று அப்போதும் அவளுக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் இருந்தால் சரிபார்க்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். மேசைமேல் மூலப் பிரசுரம் இருந்தது. அவள் பையிலிருந்து வகுப்பில் கோடு போடும் எஃகு அடிக்கோலை எடுத்து, மடிப்புக்குள் நுழைத்து, ஒரே இழுப்பில் இழுத்தாள். இன்னொரு மடிப்பையும் இழுத்தாள்.

நானூறு ஆண்டுப் பழைய காகிதம் வெட்டுப்படும்போது எழும் சத்தம் மிகச் சிறியது. கண்ணாடிக்கு வெளியே எல்லாக் கைநுனிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின.

"மிஸ், படிங்க" என்றாள் மரகதம்.

ரெஜினா மிஸ் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஒன்றும் சொல்லாததால் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாம் பக்கம் வாசகருக்கு எழுதிய முன்னுரை.

"'இதை எழுதுகிறவன் ஆற்றைத் தாண்டி எல்லைப்புறம் போனவன் அல்லன். எனக்குக் கிடைத்த கடிதங்கள் நகலின் நகல்கள். ஆயினும் அவை எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.'"

அவர் குரல் தணிந்தது. ஆறாம் பக்கத்துக்குப் போனார்.

"'நம்மவர்கள் குதிரையேறிப் போய்க் கொன்ற இருபது பேரும் எல்லையைத் தாக்கியவர்கள் அல்லர் என்கிறார்கள். அண்டையிலேயே துடைப்பமும் கூடையும் விற்றுப் பிழைத்த பூர்வகுடிகள், அவர்களில் குழந்தைகளும் உண்டு என்கிறார்கள். இருக்கட்டும். தாக்கியவர்கள் தூரத்தில் இருந்தார்கள். இவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.'"

ரெஜினா மிஸ் காகிதத்தை மேசைமேல் வைத்தார். பிறகு வடமலை எழுந்தான். அவன் கத்தவில்லை.

"கிழிச்சிட்டா" என்றான். "எம் பொண்டாட்டிக்கு இருந்த ஒரே சாட்சி அது. எல்லாரு கண்ணு முன்னாடியும் கிழிச்சிட்டா."

உமையாள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சேதப்படுத்தப்பட்ட காகிதம், சேதத்தின் நோக்கம் எதுவானாலும், சான்று என்ற தகுதியை இழக்கிறது. ஆகவே மூலம் செல்லாது. அதில் இப்போது வாசிக்கப்பட்ட பக்கங்களும் செல்லாதவை. அந்த மூலத்திலிருந்து, அது செல்லுபடியாக இருந்த நாளில், கையால் எழுதப்பட்ட இருபத்திரண்டு சாட்சியங்களும் சேதமின்றி உள்ளன; அவை செல்லும்.

பிச்சைமணி பாதி எழுந்தான். "அம்மா, நாங்க எழுதினதுல இந்தப் பக்கம் இல்லீங்களே..."

"நீங்க எழுதினது உங்க கையெழுத்து இல்லைங்கிறீங்களா?"

"கையெழுத்து என்னோடதுதாங்க."

"எழுதினது பொய்ங்கிறீங்களா? பொய்ச் சாட்சின்னா உள்வளி உரிமை போகும்."

பிச்சைமணி மரகதத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான். ஏழு கைகள் உயர்ந்தன.

நாற்பத்து மூன்று பேரும் நடந்தே போனார்கள். ஐந்தாம் கூண்டின் இறுக்கிக்குப் புது வளையம் கேட்டார்கள்; சாவுக்குக் காரணம் நகக்கீறல் என்று பதிவில் இருப்பதால் இறுக்கி பழுதில்லை என்று கிடங்கில் மறுத்துவிட்டார்கள். "மெழுகு வச்சு அடைச்சிக்கிறோம், நீ அழாத" என்றான் சிற்றரசு, முகமூடிக்குள்ளிருந்து.

மரகதத்தை மேசையிலிருந்து எடுத்து, வெளிச்சுவர் அளவிகளை நடந்துபோய்ப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். யாரும் விரும்பாத வேலை.

நிற்பன வகுப்பு ஜன்னலுக்கு வருவதை நிறுத்திவிட்டன. அது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். வெறும் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுவது இன்னும் மோசமாக இருந்தது. ரெஜினா மிஸ் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் ஆறு இருபதுவரை காத்திருந்தார்.

ஒன்பதாம் நாள் வெளிச்சுவரின் நான்காம் அளவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மரகதத்தின் கால் ஒரு பள்ளத்தில் இடறியது. முழங்கால் ஆழக் கீறல். ஓரம் கூர்மையாக இருந்தது, புதியது. வகுப்பு ஜன்னலுக்குக் கீழேயே தொடங்கியது. அவள் அதன்மேல் நடந்தாள். வளைந்தது. வளைந்தாள். தவறாகப் படித்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்தையும் திரும்ப நடந்து சரிபார்த்தாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

'மெழுகு நிற்கவில்லை. எல்லோருக்கும் தூக்கம் வருகிறது. வளையம் வேண்டும். சிற்றரசு.'

கடைசி எழுத்தின் முனையில் நிற்பனவற்றில் ஒன்று நின்றது. அவ்வளவு அருகில் அவள் எதையும் பார்த்ததில்லை. அதன் துளைக்கும் கை, பேனா பிடித்த கை மாதிரி, சற்றுச் சாய்ந்து காத்திருந்தது.

அவள் உள்ளே ஓடி, நல்ல தாளில், நல்ல கையெழுத்தில், பிச்சைமணியைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு புகார் எழுதினாள். புகார் மேசையில் இருந்தவர் கவனமாகப் படித்தார்.

"இறுக்கி கசியறத நேர்ல பாத்தீங்களா?"

"இல்ல. எழுதியிருந்தத..."

"அப்ப கேள்விப்பட்டத எழுதியிருக்கீங்க. கேள்விப்பட்டத எழுதினா சாட்சியாகாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

மரகதம் புகாரை மேசையிலேயே விட்டுவிட்டாள். பிறகு கிடங்குக்குப் போய், யாரிடமும் கேட்காமல், வளையம் ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஐந்தாம் கூண்டுக்கு அண்ணனோடு நடந்த ஒரே தடவை அவள் பத்து வயதுக் குழந்தை, வழி நினைவில்லை. ஆனால் வழி தேவைப்படவில்லை. நானூறு அடிக்கு ஒன்றாக நிற்பன நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் அதே வாக்கியம். கூண்டு ஜன்னலருகே நின்றது எழுதியதை அடுத்தது பார்த்து எழுதியிருக்கிறது, அதை அதற்கடுத்தது. முதல் சிலவற்றை அவள் நடந்து சரிபார்த்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள். நகலின் நகலின் நகல், நாற்பத்தொரு தடவை. ஓர் எழுத்தும் மாறவில்லை. அவள் கடந்ததும் ஒவ்வொன்றும் திரும்பி, மெல்லப் பின்னால் வந்தது.

வகுப்பு ஜன்னலிலிருந்து இதைப் பார்த்தார்கள். பார்த்தது இவ்வளவுதான்: மூட்டத்துக்குள் ஒருத்தி ஓடுகிறாள், பின்னால் உயரமான கறுப்பு உருவங்கள் போகின்றன, பிறகு ஒன்றும் தெரியவில்லை.

ஐந்தாம் கூண்டில் புதிய வளையம் மாட்டப் பதினெட்டு நிமிடம் ஆனது. மரகதம் மூன்று முறை இறுக்கிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக விழித்தார்கள். கடைசியாக விழித்தவன் சிற்றரசு. "தசமப் புள்ளியப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கப் பார்த்தான். அவள் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். அப்புறம் நாலாவது முறையும் இறுக்கிப் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது மஞ்சள்துறையின் வெளிக்கதவு திறக்கவில்லை; அவள் செத்துவிட்டதாக உள்ளே முடிவாகியிருந்தது.

நான் மரகதம், உயிரோடு இருக்கிறேன், கதவைத் திறங்கள் என்று வெளித்திரையில் தட்டினாள். பதில் உடனே வந்தது. 'சான்று இல்லை, நிறுத்தி வைக்கப்பட்டது.'

அவள் அப்படியே நடந்து வகுப்பு ஜன்னலுக்கு வந்தாள். அவளோடு வந்தவை இரு பக்கமும் வரிசையாக நின்றுகொண்டன. உள்ளே மணி ஆறு. ரெஜினா மிஸ் நிமிர்ந்து, மூட்டத்தில் வரிசை நிற்பதைப் பார்த்து, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகப் பேனா மூடியைத் திறந்தார். வரிசையில் ஓர் உருவம் குள்ளமாக இருந்தது. அது கண்ணாடியில் தட்டியது. மேசைகளில் யாரும் நிமிரவில்லை. மிஸ் கொடுத்த வாக்கியம் கொஞ்சம் நீளமானது. தவறில்லாமல் எழுத வேண்டியிருந்தது.

'மரகதத்தை நிற்பன கொன்றன, நாங்கள் கண்டோம்.'

இருபத்திரண்டு பேரின் கையெழுத்தும் அழகாக இருந்தது. பிச்சைமணிக்கு இந்த முறை பத்துக்குப் பத்து.